வராந்தாவில் மூன்று பேர்

ஆளெடுக்கும் வேலைக்குப் பயிற்சி பெற வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் நேற்று டீ குடிக்கும்போது கேட்டார்: “மேடம், நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ இன்டர்வியூல உங்களைத் திணறடிச்ச கேள்வி எது?” நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று உள்ளே கேட்ட கேள்விகளில் கடைசி ஒன்றைத் தவிர எதுவும் எனக்கு நினைவில்லை. வெளியே வராந்தாவில் காத்திருந்த நேரம்தான் நினைவிருக்கிறது. அதை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு, கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று உங்களுக்குள் பேசிக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு நிறுவனம் சிறு மருந்தகங்களும் இரவுப் பள்ளிகளும் நடத்திக்கொண்டிருந்தது. மலை ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து சுகாதாரப் பணிக்குப் பழக்குவது அவர்கள் திட்டம். அந்த ஆட்களைத் தேடிப் பிடிக்க, நேர்முகத்துக்கு வரவழைக்க, எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சேதி சொல்ல ஒருவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். ‘ஆளெடுப்பு ஒருங்கிணைப்பாளர்’ என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. “இன்னா வேலைம்மா அது?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வேலைக்கு ஆள் எடுக்கிற வேலை என்றேன். “உனக்கே வேலை இல்ல, நீ யாருக்கும்மா வேலை குடுக்கப் போற?” என்றார். நியாயமான கேள்விதான்.

எங்கள் வீடு திருப்பத்தூர்ப் பக்கம், மலை அடிவாரத்தில். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்து, மார்ச்சளி முற்றி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அம்மா சபைப் பள்ளிக்கூடத்தில் ஆயா. நான் பி.ஏ. முடித்துவிட்டு, போன இடத்திலெல்லாம் ‘பிறகு தெரிவிக்கிறோம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். இந்த வேலையும் இல்லையென்றால் தங்கையின் படிப்பை நிறுத்திவிட்டு அவளை பீடி சுற்ற உட்கார வைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள். அன்று காலை அவள்தான் என் புடவையை மடித்துக் கொடுத்தாள்.

நேர்முகம் மலை மேலேயே, புதூர்நாட்டைத் தாண்டி ஒரு பழைய பங்களாவில். பஸ்ஸில் போய் இறங்கி, சாமை வயல்களுக்கு நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும். ஐப்பசி மாதம். காலையில் நல்ல வெயில் இருந்தது. பங்களாவின் முன்னால் நீளமான வராந்தா, அதில் ஒரு பெஞ்சு. வராந்தாவின் ஒரு கோடியில் பெரிய பலா மரம். மரத்தைத் தாண்டினால் தரை சட்டென்று இறங்கிப் பள்ளமாகிவிடும். கீழே ஓடை ஓடும் சத்தம் மட்டும் மேலே கேட்கும்.

வந்திருந்தது மூன்றே பேர். என்னைத் தவிர, திருப்பத்தூரிலிருந்து சந்தானம் என்பவர். டை கட்டியிருந்தார், கையில் ரெக்சின் ஃபைல். ஏதோ கம்பெனியில் இரண்டு வருஷம் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தாராம். உட்கார்ந்ததுமே, “உங்களுக்கு இதுல அனுபவம் இருக்காங்க?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்றாமவர் வெள்ளையன். பக்கத்து மலை ஊர்க்காரர், அவர்கள் ஊரில் கல்லூரி வரை போன ஒரே ஆள். துவைத்த வேட்டி சட்டையில் பெஞ்சின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட இளையவர். “இந்த வேலை கெடைச்சா எங்க ஜனங்களை நானே கூப்டு வருவேன்க்கா. கீழேர்ந்து யார் வந்து கூப்டாலும் எங்காளுங்க நம்ப மாட்டாங்க” என்று என்னிடம் சொன்னார். போட்டிக்கு வந்தவளிடம் இதையெல்லாம் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

நேர்முகம் நடத்த வேண்டியவர் நிறுவனத்தின் தலைவியான டாக்டரம்மா. ஜீப் பழுதாகி மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அதற்குள் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. நீங்கள் ஊட்டியில் பார்த்த அழகான பனி இல்லை இது. முதலில் எதிர்ச் சரிவு காணாமல் போனது, பிறகு வயல், பிறகு வாசலில் நின்ற ஜீப். பறவைச் சத்தம் நின்றது. ஓடைச் சத்தம் மட்டும் முன்னைவிட அருகில் கேட்டது. குளிருக்காக உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“சந்தானம்.”

யாரோ கூப்பிட்டார்கள். சத்தமான குரல் இல்லை. அடுத்த அறையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே கூப்பிடுகிறவர் குரல். சந்தானம் எழுந்தார், டையைச் சரிசெய்தார், ஃபைலை எடுத்துக்கொண்டார். கதவுப் பக்கம் போகாமல் வராந்தாவின் கோடிக்கு, பலா மரம் இருந்த பக்கமாக நடந்தார். அங்கே இன்னொரு வாசல் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளையன் அவரைத் தடுப்பதற்காகக் கையை நீட்டினார், ஆனால் சந்தானம் தாண்டிப் போய்விட்டார்.

“ஒரு தபாதானே கூப்ட்டாங்க” என்றார் வெள்ளையன். அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஆபீஸ் உதவியாளர் கோபால் வெளியே வந்தார். சமவெளிக்காரர், எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவர்.

“சந்தானம் சார் யாருங்க? உள்ள வரச் சொல்றாங்க.”

“இப்பதானே கூப்பிட்டீங்க, போயிட்டாரே” என்றேன்.

“நான் எங்கங்க கூப்ட்டேன்? இப்பதான் டாக்டரம்மா மொதல் பேரையே சொன்னாங்க.”

மூவரும் வராந்தாவின் கோடிக்குப் போனோம். அங்கே வாசல் எதுவும் இல்லை, சுவர்தான். படி இறங்கி மரத்தைத் தாண்டினோம். பள்ளம் தொடங்கும் இடத்தில் சந்தானம் நின்றுகொண்டிருந்தார். ஃபைலை மார்போடு அணைத்து, மரியாதையாக, மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் அவ்வளவுதான். கோபால் போய்த் தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“நிக்கச் சொன்னாங்க” என்றார்.

“யார் சார் சொன்னது?”

“கூப்பிட்டவங்க. கொஞ்சம் நில்லுங்க, வர்றோம்னாங்க.”

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தோம். நேர்முகத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். நேராகப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா வெளியே வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்று மயக்கம் என்று சொல்லிப் போனார். கோபால் மட்டும் அந்தப் பலா மரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியவர், அதன் பிறகு வாசலைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் வெள்ளையனும் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தோம். பனி வராந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டது. பெஞ்சின் மறுமுனையில் இருந்த அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“ரூத்.”

என் பெயர். அதே குரல், அதே பக்கத்திலிருந்து. நான் நல்ல பயந்தாங்கொள்ளி, ஆனாலும் என் உடம்பு எழுந்துவிட்டது. வேலை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், நேர்முகத்தில் பெயரைக் கேட்டால் கால் தானாக எழும்.

“ஒக்காருங்கக்கா” என்றார் வெள்ளையன். “மூணு தபா கூப்புடட்டும்.”

“ஏன்?”

“பனியில பேரு சொல்லிக் கூப்ட்டா நாங்க மூணு தபா ஆவுற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம், பதிலும் சொல்ல மாட்டோம். மனுஷன்னா மூணாவது தபாவும் கூப்புடுவான். அது ரெண்டோட நின்னுடும்.”

“அதுன்னா எது?”

மறுபடியும் என் பெயர் கேட்டது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை வரவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. ஜெபம் சொல்லலாம் என்று பார்த்தால் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருந்ததில் ஒரு வரிகூட வரவில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. இடுக்கு வழியாகக் கோபாலின் முகமும் உள்ளே எரியும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் தெரிந்தன. கையைக் காட்டினார். முகத்தைப் பார்த்ததால் எழுந்து ஓடினேன். வெள்ளையனை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் ஏதோ சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு கோபாலிடம், “அடுத்தவரை வரச் சொல்லுங்க” என்றார். கோபால் கதவைக் கொஞ்சம் திறந்து, தலையை மட்டும் நீட்டினார். வாயைத் திறக்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு நன்றாகத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, “வெள்ளையன்னு யாரும் இல்லைங்க. கூப்ட்டுப் பாத்துட்டேன், வரல” என்றார்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பனி கனமாவதற்குள் ஜீப் இறங்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அப்போ நீங்க ஒருத்தர்தான். எப்ப சேர முடியும்?”

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் பார்த்த நெருக்கடிகளை எண்ணி மாளாது. வேலை கிடைக்காத ஒருவர் என் மேசையைக் கவிழ்த்திருக்கிறார். ஆள் எடுத்த மறுநாள் ஊரே திரண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அதெல்லாம் தூசு. திங்கட்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, பொய்யைக் கோபால் ஏற்கெனவே சொல்லிவிட்டார். புடவை மடித்த என் தங்கையின் கைகள் கண் முன்னால் நின்றன. இதற்கு மேல் பயம் வேறு. உள்ளே வெளிச்சமும் சூடும் இருந்தன, வெளியே அது இருந்தது. ஆசையும் பயமும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் மனுஷி என்ன செய்வாள்?

“அவர் வெளியேதான் இருக்கார் டாக்டர்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “காலையிலேர்ந்து காத்திருக்கார்.”

“இல்லீங்க, பெஞ்சில யாரும் இல்ல” என்றார் கோபால்.

“அப்போ நீங்க போய்ப் பாத்துக் கூட்டிட்டு வாங்க” என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

வெளியே வந்தேன். கோபால் எனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார். பெஞ்சின் அருகே போய்க் கையால் தடவினேன். காலியாக இருந்தது. மரக்கட்டை ஈரமாக, சில்லென்று இருந்தது. இப்போது திரும்பிப் போய் ஆள் இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மைதான். வேலையும் எனக்குத்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் தோன்றியது, இந்தப் பனியில் நான் கூப்பிட்டால் அதுவும் இன்னொரு குரல்தானே. அவர் எதை நம்பி எழுந்து வருவார்? வாயை மூடிக்கொண்டேன். சுவரைத் தடவிக்கொண்டே கோடி வரை போனேன், படியில் காலால் துழாவி இறங்கினேன். அழுதுகொண்டே நடந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பலா மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எட்டி அவர் கையைப் பிடித்தேன். அது ஓடைக் கல் போலக் குளிர்ந்திருந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு தனக்கு முன்னால் இருந்த பனியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. கையை விடாமல் இழுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினேன், கோபால் திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தேன். சிறுநீர் கழிக்கப் போயிருப்பார், வழி தெரியாமல் நின்றிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வேலை வெள்ளையனுக்குப் போனது. அதுதான் சரியான முடிவு என்று இன்று எனக்குத் தெரியும், அன்று தெரியவில்லை. கீழே இறங்கும்போது எனக்கு வந்தது ஆத்திரம்தான், பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஜீப்பில் பக்கத்தில் சந்தானம். திருப்பத்தூர் வரும் வரை ஃபைலை மார்பிலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். தங்கை மறு வாரமே பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் வேலை பெருகி இன்னொரு ஆள் தேவைப்பட்டபோது வெள்ளையன் எங்கள் வீடு தேடி வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். தங்கை மறுபடி பள்ளிக்குப் போனாள், ஒரு வருஷம் பிந்தி. அவரிடம்தான் நான் இந்தத் தொழிலைப் பழகினேன். எனக்கு மேலதிகாரி, ஆனாலும் கடைசி வரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அன்று நடந்ததற்காகக் கோபாலை வேலையை விட்டு அனுப்பவும் அவர் விடவில்லை. “பயந்த மனுஷன் சொன்ன பொய்க்கா அது, உடுங்க” என்பார்.

அதைத் தவிர அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. காட்டில் யாரோ மாடு தேடிக் கூப்பிட்டிருப்பார்கள், பனியில் குரல் திரிந்து பெயராகக் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவைத்திருந்தேன். படித்த பெண்ணில்லையா. பல வருஷம் கழித்து ஒரு மாலை இருவரும் நேர்முகம் நடத்திவிட்டுத் திரும்பும்போது வழியில் பனி அடைத்துக்கொண்டது. டிரைவர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

“அன்னிக்கு நீங்க ஏன் எழுந்து போனீங்க? மூணு தடவை கூப்பிடாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு என்கிட்ட சொன்னவரே நீங்கதானே.”

அவர் கண்ணாடி வழியே பனியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“மூணு தபாவும் கூப்ட்டுச்சுக்கா.”

“ரெண்டோட நின்னுடும்னு சொன்னீங்களே.”

“எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. ரெண்டு தபா அதே கொரல்ல கூப்ட்டுச்சு, நான் அசையல. மூணாவது தபா உங்க கொரல்ல கூப்ட்டுச்சு. அக்கா தேடி வந்துட்டாங்கன்னு எந்திரிச்சேன்.”

“நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே.”

“தெரியும்க்கா. நீங்க பின்னாடிலேர்ந்து வந்து கையைப் புடிச்சப்போதான் தெரிஞ்சுது. உங்க கொரலு எனக்கு முன்னாடி இருந்துச்சு, பள்ளத்துக்கு மேல. இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா போய்ட்டிருப்பேன்.”

பனி விலகிய பிறகு டிரைவர் வண்டியை எடுத்தார். ஓய்வு பெறும் நாள் வரை நான் ஒருவரையும் கதவிடுக்கிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் கூப்பிடாதீர்கள். எழுந்து வெளியே போங்கள், காத்திருப்பவர் முன்னால் போய் நில்லுங்கள், உங்கள் முகத்தை அவர் பார்த்த பிறகு கூட்டி வாருங்கள்.